ஊக்கைச் செய்தவர்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டை கொத்தளங்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டில் அன்றாடம் கையாளும் சிறு பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும் வழக்குகள் உண்டு, வெற்றி தோல்விகள் உண்டு. அத்தகைய ஒரு சிறு பொருளைப் பற்றியும், அதைச் செய்த மனிதரைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன். அந்தப் பொருள் ஊக்கு.

ஊக்கு இல்லாத தமிழ் வீட்டைக் காண்பது அரிது. முந்தானையைத் தோளில் நிறுத்துவது அது. பொத்தான் அறுந்த சட்டைக்கு ஆபத்பாந்தவனாக வருவதும் அது. பாவாடைக்கு நாடா கோக்கவும், காலில் தைத்த முள்ளை எடுக்கவும் அதைத்தான் தேடுகிறோம். என் பாட்டியாரின் தாலிக்கொடியில் எப்போதும் நான்கைந்து ஊக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் யாருக்கு ஊக்கு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். மங்கல நாணில் இடம்பெற்ற இந்தப் பொருள் நம் நாட்டுப் பழம்பொருள் என்றே சிறு வயதில் எண்ணியிருந்தேன். அது அமெரிக்க நாட்டில் 1849ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், 6281 என்ற எண்ணுள்ள காப்புரிமையாகப் பதிவு பெற்றது என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது வியப்பாகத்தான் இருந்தது.

அந்தக் காப்புரிமையைப் பெற்றவர் வால்ட்டர் ஹண்ட். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், மார்ட்டின்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், 1796ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் வளர்ந்த பகுதியில் லோவில் என்னும் ஊரில் ஓர் ஆலை இருந்தது. நூல் விலை இறங்கியபோது அதன் உரிமையாளர் தொழிலாளரின் கூலியைக் குறைக்க முனைந்தார் என்றும், கூலியைக் குறைப்பதைவிட நல்ல இயந்திரம் ஒன்றைச் செய்துகொள்வது மேல் என்று ஹண்ட் அவருக்கு எடுத்துச் சொன்னார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. எவ்வாறாயினும், ஆளிநாரை நூற்கும் இயந்திரம் ஒன்றுக்கு 1826ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றது பதிவில் உள்ள உண்மை. அதற்குப் பொருளுதவி தேடி நியூயார்க் நகரத்திற்கு வந்தவர், பின்னர் அந்த நகரத்திலேயே தங்கிவிட்டார்.

வந்த புதிதில் நகரத்துத் தெருவில் ஒரு குதிரை வண்டி ஒரு குழந்தையின்மேல் ஏறிவிட்டதை அவர் கண்டாராம். வண்டிக்காரனின் இரு கைகளும் கடிவாளத்தில் இருந்தன. ஊதுகொம்பை எடுத்து ஊத அவனுக்குக் கை ஏது? எனவே காலால் மிதித்தால் ஒலிக்கும் மணி ஒன்றைச் செய்து, 1827ஆம் ஆண்டில் அதற்கும் காப்புரிமை பெற்றார். பின்னர் அதன் உரிமையை விற்றுவிட்டார். அவருடைய வாழ்க்கையில் இதுவே வழக்கமாகிப் போயிற்று. ஒரு பொருளைச் செய்வார். கைக்குப் பணம் வேண்டியிருக்கும். வந்த விலைக்கு உரிமையை விற்பார். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்.

அவர் செய்தவற்றை ஓரிடத்தில் பரப்பி வைத்தால் ஒரு திருவிழாக் கடைவீதியையே பார்ப்பது போலிருக்கும். கத்தி தீட்டும் கருவி, கணப்படுப்பு, மைக்கூடு, ஊற்றுப் பேனா, புட்டிக்கு அடைப்பான், காகிதத்தால் ஆன சட்டைக் கழுத்துப்பட்டி என்று அந்த வரிசை நீளும். வட்டரங்கு வித்தைக்காரர்கள் கூரையில் தலைகீழாக நடப்பதற்கென்று ஒருவகைப் பாதணிகூட அவர் செய்து கொடுத்தார். காகிதக் கழுத்துப்பட்டி நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அக்காலத்தில் வெளுப்பதும் கஞ்சி போடுவதும் பெரும் வேலை. அழுக்கானதும் எறிந்துவிடக்கூடிய பட்டி அலுவலகக் குமாஸ்தாவுக்கு ஒரு வரப்பிரசாதம். 1854ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமை பெற்றார். அது பரவலாக விற்பனையானது அவர் மறைந்த பின்னர்தான்.

இனி ஊக்குக்கு வருவோம். காப்புரிமைக்கு வரைபடம் எழுதிக் கொடுத்த ஒருவருக்கு ஹண்ட் 15 டாலர் கடன்பட்டிருந்தார் என்றும், அந்தக் கடனைத் தீர்க்கும் கவலையோடு ஒரு கம்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார் என்றும், மூன்று மணி நேரத்தில் ஊக்கு உருவாயிற்று என்றும், அதன் உரிமையை 400 டாலருக்கு விற்றார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். மூன்று மணி நேரம் என்பதைக் கடிகாரம் வைத்து எவரும் அளந்திருக்க மாட்டார்கள். கதை சொல்பவருக்கு அவ்வளவு உரிமையை நாம் கொடுத்துவிடலாம்.

ஊக்கின் அருமை அதன் எளிமையில் இருக்கிறது. ஆடையைக் குத்தி நிறுத்தும் ஊசிகள் பழங்காலத்திலேயே இருந்தன. கிரேக்கரும் உரோமரும் வளைவுள்ள வெண்கல ஊசிகளால் தம் மேலாடையைத் தோளில் பூட்டிக்கொண்டனர். அவற்றுள் மிகப் பழையவை 3000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஹண்ட் செய்தது என்ன? ஒரே கம்பியின் நடுவில் ஒரு சுருளைச் சுற்றினார். அந்தச் சுருள் வில்லாக நின்று, ஊசி முனையை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் உள்ள மூடி அந்த ஊசி முனையைப் பிடித்து மறைத்துக்கொள்கிறது. வில் தள்ளுவதனாலேயே பிடிப்பு இறுகுகிறது. மூட்டு இல்லாமையால் ஒடிவதற்கு இடமில்லை. ஆணி இல்லாமையால் தேய்வதற்கு இடமில்லை. முனை மறைந்திருப்பதால் விரலில் குத்துவதற்கும் இடமில்லை. தம் விண்ணப்பத்தில் அவர் வற்புறுத்திய நயங்கள் இவையே. அதே 1849ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் சார்லஸ் ரௌலி என்பவர் இதுபோன்ற ஓர் ஊசிக்கு உரிமை பெற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலம் கனிந்தால் ஒரே எண்ணம் இரண்டு இடங்களில் முளைப்பது உண்டு.

ஊக்கோடு அவர் கதை முடிந்திருந்தால், விற்கத் தெரிந்து பிழைக்கத் தெரியாத ஒரு கைவினைஞர் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் ஊக்கு பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் வேறொரு கருவியைச் செய்திருந்தார். அதற்கு மட்டும் அவர் காப்புரிமை கேட்கவில்லை. அதுதான் தையல் இயந்திரம்.

தையல் இயந்திரத்தைச் செய்ய முயன்றவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் மனிதக் கை தைப்பதைப் போலவே இரும்பையும் தைக்கச் செய்ய முயன்று தோற்றனர். நம் கை ஊசிக்குக் காது பின்புறத்தில் இருக்கிறது. ஊசி முழுவதும் துணியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். ஹண்ட் தம் ஊசியின் காதை முனைக்கு அருகில் கொண்டுவந்தார். இப்போது ஊசி முழுதும் துணியைக் கடக்க வேண்டியதில்லை. முனை மட்டும் புகுந்து நூலை ஒரு வளையமாக விட்டுத் திரும்பினால் போதும். அந்த வளையத்தின் ஊடே, தறியில் நாடா ஓடுவது போலச் சிறு நாடா ஒன்று இரண்டாவது நூலைச் சுமந்து ஓடும். இரு நூல்களும் துணிக்குள் ஒன்றையொன்று பிணைத்துப் பூட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரிந்துவிடாது. இன்று தெருமுனைத் தையற்கடையில் ஓடும் இயந்திரமும் அடிப்படையில் இந்தப் பூட்டுத் தையலைத்தான் போடுகிறது. ஏறத்தாழ 1834ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹண்ட் இதைச் செய்து முடித்தார். அது நேர்த்தையல் மட்டுமே போடும். அதுவும் சிறிது நீளத்துக்குத்தான். ஆயினும் தைத்தது.

அவர் ஏன் உரிமை பெறவில்லை? அரோஸ்மித் என்பவருக்கு இயந்திரத்தின் உரிமையை விற்றுவிட்டார் என்பது ஒரு காரணம். வாங்கியவரும் பதிவு செய்யவில்லை, பணமுடை என்றார். மற்றொரு காரணத்தை ஹண்டின் குடும்பத்திலிருந்தே நாம் அறிகிறோம். 1838ஆம் ஆண்டில் ஹண்ட் தம் மகள் கரோலைனிடம், இந்த இயந்திரத்தைக் கொண்டு மார்க்கச்சு தைக்கும் தொழிலைத் தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். கரோலைன் அந்தத் தொழிலில் இருந்த பெண்களைக் கலந்து பார்த்தார். கையால் தைத்துப் பிழைப்பவர்களின் வாழ்வுக்கு இது கேடாகும், மக்களின் வெறுப்பும் வரும் என்று கண்டு மறுத்துவிட்டார். பின்னாளில் வழக்கு வந்தபோது அவரே இதைச் சாட்சியமாகவும் அளித்தார்.

இதை வெறும் மென்மனம் என்று தள்ளிவிட முடியாது. பிரெஞ்சு நாட்டில் பார்த்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830ஆம் ஆண்டில் சங்கிலித் தையல் போடும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். பாரிஸ் நகரில் அவ்வகை இயந்திரங்கள் ஏறக்குறைய 80 வைத்துப் படைவீரர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார். மறு ஆண்டே நகரத்துத் தையற்காரர்கள் திரண்டு வந்து அந்தப் பட்டறையை அடித்து நொறுக்கினார்கள். கைத்தையலால் வயிறு வளர்த்தவர்களின் நிலையோ அப்போதே மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. இலண்டனில் சட்டை தைத்த பெண்களின் துயரத்தைப் பற்றித் தாமஸ் ஹூட் எழுதிய பாட்டு 1843ஆம் ஆண்டு பஞ்ச் இதழில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அவர்கள் அந்த நிலைக்கு வந்தது எந்த இயந்திரத்தாலும் அன்று. இயந்திரம் அப்போது சந்தைக்கே வரவில்லை. கையில் இருந்த அந்த அரைவயிற்றுக் கூலியும் போய்விடுமோ என்பதுதான் கரோலைன் கண்ட பெண்களின் அச்சம். தமிழில் ‘தையல்’ என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. நியூயார்க்கிலும் இலண்டனிலும் அந்த இரு பொருளும் அன்று ஒன்றாகவே இருந்தன.

ஒருவர் மறுத்த கருவியை உலகம் மறந்துவிடுவதில்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இலாயஸ் ஹோ என்பவர், முனையருகில் காதுள்ள ஊசியும் நாடாவும் கொண்ட இயந்திரத்தைத் தாமாகவே செய்தார். 1845ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் விரைவாகத் தைக்கும் ஐந்து பெண்களுக்கு எதிரே அதை ஓட்டிக் காட்டி வென்றார்; நிமிடத்துக்கு 250 தையல் போட்டது. 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காப்புரிமையும் பெற்றார். ஆனால் 300 டாலர் விலைக்கு எவரும் வாங்க முன்வரவில்லை. பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்று வறியவராகத் திரும்பி வந்து பார்த்தால், அமெரிக்காவில் பலர் அவருடைய முறையில் இயந்திரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் முன்னணியில் நின்றவர் ஐசக் சிங்கர். அவர் நாடக மேடையில் நடித்தவர்; ஆள் மயக்கும் பேச்சுக்காரர்; இயந்திரத்தைக் கையாள எளிதாகத் திருத்தி அமைத்ததில் உண்மையான திறமைசாலி.

ஹோ வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கை உடைக்கச் சிங்கரின் தரப்பினர் தேடிக் கண்டெடுத்த ஆயுதமே வால்ட்டர் ஹண்ட். ஹோவுக்கு முன்பே இன்னொருவர் இதைச் செய்துவிட்டார் என்று காட்டினால் ஹோவின் உரிமை செல்லாது அல்லவா? பரணில் கிடந்த பழைய இயந்திரத்தின் துருப்பிடித்த உறுப்புகளைத் தேடி எடுத்தார்கள். ஹண்ட் அதை மறுபடியும் செய்து காட்டினார். 1853ஆம் ஆண்டில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். 1854ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமை ஆணையர் சார்லஸ் மேசன் தீர்ப்புச் சொன்னார். இந்தக் கருவியை முதலில் கண்டவர் ஹண்ட்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் இத்தனை ஆண்டுகள் அதைக் கைவிட்டிருந்தபடியால், உரிமை ஹோவுக்கே நிலைக்கும் என்றார்.

சட்டத்தின் கண்ணோட்டத்தில் இதில் தவறு காண்பதற்கில்லை என்பதே என் கருத்து. கண்டதை ஊரறியச் சொல்பவருக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை தருவதுதான் காப்புரிமைச் சட்டத்தின் ஒப்பந்தம். ஹண்ட் சொல்லவில்லை. பணமுடைதான் காரணம் என்பதை மட்டும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். அக்காலத்தில் காப்புரிமைக்குக் கட்டணம் 30 டாலர். கத்தி தீட்டும் கருவிக்கும் ஊக்குக்கும் அதைக் கட்டியவர், இதற்கு மட்டும் கட்ட முடியாமற் போய்விட்டாரா? மகளின் சொல் அவர் மனத்தில் தங்கியிருக்க வேண்டும்.

அதன்பின் நடந்தது வணிக வரலாறு. சிங்கர் ஹோவுக்குப் பணம் கொடுத்துச் சமாதானமானார். 1856ஆம் ஆண்டில் பெரிய உற்பத்தியாளர்கள் தம் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டு அமைத்தார்கள். சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க், மாதத் தவணையில் இயந்திரம் விற்கும் முறையைப் புகுத்தினார். எளிய குடும்பத்தின் முற்றத்தில் தையல் இயந்திரம் வந்து அமர்ந்ததற்கு இரும்பைவிட அந்தத் தவணையே பெரிய காரணம் எனலாம். ஹோ 1867ஆம் ஆண்டு பெருஞ்செல்வராக மறைந்தார். சிங்கர் ஈட்டிய செல்வம் அதனினும் பெரிது. ஹண்டின் உரிமைக் கோரிக்கையைத் தீர்த்துக்கொள்ள 50,000 டாலர் தருவதாகச் சிங்கர் 1858ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார். அந்தப் பணம் கைக்கு வந்து சேருமுன், 1859ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஹண்ட் நிமோனியா கண்டு காலமானார்.

கரோலைன் அஞ்சியபடி நடந்ததா? வீலர் அண்டு வில்சன் என்னும் இயந்திர நிறுவனம் 1861ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. ஓர் ஆண்மகனின் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். இயந்திரத்தால் 1 மணி 16 நிமிடம். இது விற்பவர் சொன்ன கணக்கு; கொஞ்சம் கழித்தே கொள்வோம். கழித்தாலும் பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்யலாம் என்று ஆகிறது. ஆனால் சட்டையின் விலை இறங்கியதால் சட்டை வாங்குவோர் பெருகினர். தைப்போரும் குறைந்துவிடவில்லை, பெருகவே செய்தனர். பெருகியவர்களின் நிலை உயர்ந்ததா என்றால், அங்கேதான் தயக்கம் வருகிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்த கூலி இறங்கியது. இயந்திரத்தின் தவணையையும் தைப்பவளே கட்ட வேண்டியதாயிற்று. நியூயார்க்கின் இருண்ட அறைகளில் இரவு பகலாகத் தைத்தவர்களின் கதை, 19ஆம் நூற்றாண்டு முடிந்த பின்னும் முடியவில்லை. கரோலைனின் அச்சம் பாதி பொய்த்தது, பாதி பலித்தது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இதே கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது. 1924ஆம் ஆண்டில் டில்லியில், சாந்திநிகேதனத்து மாணவர் ஜி. இராமச்சந்திரன் காந்தியடிகளைக் கண்டு, இயந்திரம் எல்லாவற்றையுமே தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இயந்திரத்தின்மேல் கொண்ட பித்தைத்தான் எதிர்ப்பதாக விளக்கிய காந்தியடிகள், விலக்காகச் சிங்கர் தையல் இயந்திரத்தை எடுத்துக்காட்டினார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். சிங்கரின் இல்லற வரலாற்றை அறிந்தவர்கள் இங்கே புன்னகை செய்வார்கள். அவருக்கு மனைவி ஒருவர் அல்லர், குடும்பமும் ஒன்றன்று. ஹோவைப் பற்றி அத்தகைய கதை ஒன்று வழங்குகிறது; அது பெயர் மாறிச் சிங்கரின்மேல் ஏறியிருக்கலாம். அந்தக் கதை யாருடையதாயினும், காந்தியடிகளின் அளவுகோல் தெளிவானது. உழைப்பவரின் கையிலிருந்து வேலையைப் பறிக்கிறதா, கையின் வருத்தத்தைக் குறைக்கிறதா என்று அவர் பார்த்தார். கேள்வி கேட்ட இராமச்சந்திரன் விடவில்லை. அந்த இயந்திரத்தைச் செய்வதற்குப் பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், அந்த ஆலை அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கட்டும் என்பது விடை. அந்த இளைஞரே பிற்காலத்தில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன், 1947ஆம் ஆண்டில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

தமிழ்நாட்டு அரசு கைம்பெண்களுக்கும், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும், ஆதரவற்ற பெண்களுக்கும் தையல் இயந்திரம் விலையின்றி வழங்கும் திட்டம் ஒன்றைச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் நடத்தி வந்திருக்கிறது. எந்தப் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று கரோலைன் ஹண்ட் அஞ்சினாரோ, அத்தகைய பெண்களுக்கே அந்த இயந்திரம் பிழைப்பாக வழங்கப்பட்டது. இயந்திரம் ஒன்றுதான், அது ஆலைக்காரரின் கூடத்தில் நிற்கிறதா, அவளுடைய சொந்தத் திண்ணையில் நிற்கிறதா என்பதில் கணக்கு மாறிவிடுகிறது.

ஹண்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஊக்குக்கு உரிமை பெற்ற அதே 1849ஆம் ஆண்டில், மீண்டும் மீண்டும் சுடக்கூடிய துப்பாக்கி ஒன்றுக்கும் அவர் உரிமை பெற்றார். அந்த உரிமையும் அரோஸ்மித்தின் கைக்கே போயிற்று. பின்னர் கைமாறிக் கைமாறித் திருத்தப்பட்டு, வின்செஸ்டர் துப்பாக்கிக்கு அது மூதாதையாயிற்று. குழந்தையின்மேல் வண்டி ஏறியதைக் கண்டு மணி செய்தவரும் இவரே என்பதை எண்ணும்போது, அவருடைய மனப்போக்கை ஒரு சொல்லில் அடக்கிவிட எனக்குத் துணிவில்லை. தம் கையில் எது அகப்பட்டாலும் அதைத் திருத்தாமல் இருக்க முடியாத இயல்பு போலும்.

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் கிரீன்வுட் என்னும் பெரிய இடுகாடு இருக்கிறது. ஹண்டை அங்கே அடக்கம் செய்தார்கள். அவருடைய கல் சிறியது. இலாயஸ் ஹோவின் கல்லறையும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறது. அது பெரியது, அவருடைய குடும்பத்தார் வளர்த்த ஃபேனி என்ற நாய்க்கும் அங்கே தனியாக ஒரு நினைவுக்கல் உண்டு.